காமினியின் செடியைச் சுத்தம் செய்தவர்கள்

பினாங்குத் தீவின் கெலுகோரில் ஒரு தனியார் பல் மருத்துவமனையில் தாதியாக வேலை செய்யும் காமினிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது அந்த வட்டாரத்துக்கே தெரிந்த விஷயம். இரண்டு வண்டி நிற்கிற இடத்தில் ஒரு வண்டியை நிறுத்துகிறவன், வரிசைக்கு நடுவில் நுழைகிறவள், சாப்பிட்ட டப்பாவைக் கால்வாயில் எறிகிறவர் என்று யாரையும் அவள் சும்மா விட்டதில்லை. "என் பொண்டாட்டி ஒரு நாள் ஏசலைன்னா எனக்குக் காய்ச்சல் வந்துடும் லா" என்று அவள் கணவன் வாசு நண்பர்களிடம் சொல்வான். அவளிடம் சொல்லமாட்டான்.

செடி பார்க்கப் போகும் இலைக் கூட்டத்தில் அவள் சேர்ந்ததே ஒரு சண்டையில்தான். ஜார்ஜ் டவுனில் காலைப் பாசாரில் காய்கறி வாங்கப் போனபோது, நரைத்த தாடிக்காரர் ஒருவர் கால்வாய் ஓரமாகக் குப்புறப் படுத்துக் கிடந்தார். விடியும் முன்பே குடித்துவிட்டு விழுந்து கிடக்கிறார் என்று நினைத்தாள். அக்கம்பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் கேட்கும்படி பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். அவர் எழுந்திருக்கக்கூட இல்லை. கையிலிருந்த பூதக்கண்ணாடியை மேலே நீட்டினார்.

"இத ஒரு தடவ பாத்துட்டு அப்புறம் ஏசு, தங்கச்சி" என்றார்.

சிமெண்ட் வெடிப்பில் ஒரு செடி. அதில் நெல்மணி அளவுக்கு ஒரு பூ. கண்ணாடிக்குள் பார்த்தபோது அந்தப் பூவுக்குள் ஊதாக் கோடுகள் ஓடின. தினமும் மிதித்துக்கொண்டு போன நடைபாதையில் இப்படி ஒன்று இருந்திருக்கிறது. காமினி அன்று அதற்குமேல் ஏசவில்லை.

அவர் பெயர் கமாலுதீன். ஜார்ஜ் டவுனில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊரில் பாதிப் பேர் அவர் போட்டுவிட்ட கண்ணாடி வழியாகத்தான் உலகத்தைப் பார்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுச்செடி பார்க்கப் போகும் அந்த இலைக் கூட்டத்தை நடத்திக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியை துளசி, பாயான் பாருவில் தொழிற்சாலை இன்ஜினியராக இருக்கும் கிஷன், இன்னும் பத்துப் பேர். பல்கலைக்கழகத்தில் தாவரவியல் சொல்லித்தரும் நஜ்வா நேரம் கிடைத்தால் வருவார். யாரும் எதையும் பறிக்கக்கூடாது என்பது சட்டம். ஒரு குன்றடியில் நடந்து, குனிந்து, முட்டி போட்டு, கொசுக்கடி வாங்கிக்கொண்டு கடைசியில் மாமாக் கடை என்கிற தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை ஒன்றில் ரொட்டி சானாயோடு உட்காருவார்கள். ஒரே செடிக்குத் தமிழில் ஒரு பெயர், மலாயில் ஒரு பெயர், லத்தீனில் ஒரு பெயர் என்று மேசையில் அடிதடி நடக்கும். வாரத்தில் காமினிக்குத் திட்ட ஆளில்லாத நேரம் அது ஒன்றுதான்.

அந்த மேசையில் ஒரு வழக்கம் உண்டு. செடியை முதலில் கண்டவர்தான் அதன் பெயரைச் சொல்ல வேண்டும். அவர் சொல்லும்வரை தெரிந்தவர்களும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். காமினி கண்டதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த தொட்டாற்சிணுங்கியும் கீழாநெல்லியுமாகவே இருந்தது. யாருக்கும் தெரியாத ஒரு பெயரை ஒரு நாளாவது அந்த மேசையில் தான் சொல்ல வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. வெளியே சொல்ல வெட்கமாக இருந்ததால், அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை.

ஒரு நாள் அது கிடைத்தது. அவள் ஃபிளாட்டுக்குப் பின்னால் இருக்கும் குன்றில், ஓடையோரம், விழுந்து கிடந்த மரத்தின் அடியில். கருத்த இலை, அதில் செம்புக் கம்பி இழுத்ததுபோல நரம்புகள், நடுவில் ஒரு மொட்டு. சருகுக்குள் கழுத்துவரை புதைந்து நின்றது. மேலே ஒரு பெரணி இலை குடை பிடித்திருந்தது. காமினி படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டாள்.

"அக்கா, செடி எங்க? இது சருகு போட்டோ லா" என்று கிஷன் கிண்டல் செய்தான்.

நஜ்வா மட்டும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டுப் பேசினார். "தரையில வளர்ற ஆர்க்கிட் வகை. ஆனா பூ பாக்காம நான் பேர் சொல்லமாட்டேன், காமினி. மொட்டு விரியட்டும். இந்தத் தீவுல இதுவரைக்கும் யாரும் பாக்காததாக்கூட இருக்கலாம்."

காமினிக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுநாளிலிருந்து வேலைக்குப் போகும் முன் குன்றேறி, எட்ட நின்று பார்த்துவிட்டு வந்தாள். கூட்டத்தில் இருப்பவர்கள் இடம் கேட்டார்கள். பெருமை யாரை விட்டது? ஒவ்வொருவருக்கும் வழி சொல்லிக் கொடுத்தாள். அவர்களும் தனித்தனியாகப் போய் வந்தார்கள். குழுவில் படங்கள் குவிந்தன. ஒன்றைவிட ஒன்று அழகு. எல்லாவற்றுக்கும் காமினியும் இதயம் போட்டாள்.

பிறகு வெயில் காய்ந்தது. ஒரு காலையில் போனபோது தண்டு மடிந்து கிடந்தது. மொட்டு மிளகுபோலச் சுருங்கியிருந்தது. இலைகளைத் தொட்டால் நொறுங்கின. காமினி அங்கேயே உட்கார்ந்து நஜ்வாவைக் கூப்பிட்டாள். அழுகையா கோபமா என்று தெரியாத குரலில் பேசினாள்.

நஜ்வா வந்து தரையில் விரலை ஊன்றிப் பார்த்தார். "மேல மூடியிருந்த சருகெல்லாம் எங்க?" என்று கேட்டார். "இது மண்ணுக்குள்ள ஆழமா வேர் விடுற செடி இல்ல. சருகுக்குள்ள படுத்து வாழ்றது. அதுக்கு ஈரம், நிழல் எல்லாம் சருகுதான். யாரு எடுத்தா?"

யாரோ குறும்புக்காரப் பையன் என்றுதான் காமினி முதலில் நினைத்தாள். வீட்டுக்கு வந்து குழுவில் வந்த படங்களை முதலிலிருந்து வரிசையாகத் தள்ளிப் பார்த்தாள். அவளுடைய படத்தில் சருகும் பெரணியும். துளசியின் படத்தில் பெரணி இல்லை. அதற்கடுத்ததில் சருகு பாதிதான். அதற்கடுத்ததில் சுள்ளிகள் இல்லை, பாசி இல்லை. கமாலுதீன் படத்தில் இலைகள் எண்ணெய் தேய்த்ததுபோலப் பளபளத்தன. கடைசியில் கிஷனுடையது. கூட்டிப் பெருக்கிய வாசல்போலக் கறுத்த வெறும் மண். நடுவில் அந்தச் செடி, மணமேடையில் பெண்ணை உட்கார வைத்ததுபோலத் தனியாக. அந்தப் படத்துக்குத்தான் அதிக இதயங்கள். அதில் ஒன்று அவளுடையது.

சுத்தம் சோறு போடும் என்பார்கள். இந்தக் கூட்டத்தின் சுத்தம் அந்தச் செடிக்குப் பால் ஊற்றிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவள் நடைக்குப் போகவில்லை. நேராக மாமாக் கடைக்குப் போனாள். எல்லோரும் உட்கார்ந்ததும் கைபேசியை மேசை நடுவில் வைத்து, படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள்.

"டீச்சர், பெரணிய பிச்சது யாரு?"

துளசி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "ஒரே ஒரு இலைதாம்மா. நிழல் விழுந்துச்சு, படம் கறுப்பா வந்துச்சு."

"நான் போறப்பவே சருகு கொஞ்சந்தான் இருந்துச்சு அக்கா" என்றான் கிஷன். "மிச்சத்தத் தள்ளி விட்டேன். அவ்வளவுதான்."

"எலையில மண்ணு ஒட்டியிருந்துச்சு" என்றார் கமாலுதீன். "கண்ணாடி தொடைக்கிற துணி பையில இருந்துச்சு. மெதுவாத்தான் தொடச்சேன்."

அந்தப் பெரணி இலையைத் தவிர யாரும் எதையும் பறிக்கவில்லை. ஆளுக்கொரு கை பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எதிரில் ஒரு கெட்டவன் இருந்திருந்தால் காமினிக்குத் தெரிந்த வார்த்தைகளுக்குப் பஞ்சமில்லை. இருந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"யாரும் வேணும்னு செய்யலையே காமினி" என்றார் கமாலுதீன்.

"வேணும்னு செஞ்சிருந்தா ரெண்டு ஏசு ஏசிட்டுப் போயிருப்பேன் அண்ணே. ஆசை ஆசையா செஞ்சிருக்கீங்க. அதுக்கு நான் என்னன்னு ஏசுறது?"

அந்த மட்டில் விட்டிருந்தால்கூட அவள் அழுதுவிட்டு அடுத்த வாரம் வந்திருப்பாள். கமாலுதீன் அவளைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். கூட்டத்தின் அடுத்த வருட நாட்காட்டிக்கு அட்டைப் படமாகக் கிஷன் எடுத்த படத்தைக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். அடியில் 'கண்டவர்: காமினி' என்று போடச் சொல்லியிருக்கிறாராம்.

"செடி போனாலும் படம் இருக்கும் பாரு. எவ்வளவு அழகா வந்திருக்கு."

"என் பேர எடுங்க."

"மரியாதைக்குத்தானே போடுறோம்."

"அந்தப் படத்த எடுக்கத்தானே அது செத்துச்சு? சாவடிச்சுட்டு அதுக்கு அட்டையில எடமா? என் பேர எடுங்கண்ணே. இல்லன்னா அச்சுக்கடைக்கு நானே போவேன்."

கடைக்காரர் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். காமினி முன்னாலிருந்த தே தாரிக் டீயைத் தொடாமல் எழுந்து போனாள். வண்டியில் ஏறும் முன்பே குழுவிலிருந்து விலகினாள்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் வாசு பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. துணி காயப்போடும் கொடியிலிருந்து தொலைக்காட்சிச் சத்தம்வரை எல்லாவற்றுக்கும் ஏச்சு விழுந்தது. "அந்த இலைக்காரங்ககிட்டயே திரும்பப் போயிடேன், உனக்குப் புண்ணியமா போகும்" என்று கெஞ்சிப் பார்த்தான். அதற்கும் சேர்த்து விழுந்தது. கடைசியில் அவனுடைய நிம்மதிக்காகவோ என்னவோ, அவள் தனியாகக் குன்றேறத் தொடங்கினாள்.

மழைக்காலத்தில் ஒரு நாள் ஓடையைப் பிடித்துக்கொண்டு இன்னும் மேலே போனாள். பாறை இடுக்கில் அதே கருத்த இலை, அதே செம்பு நரம்பு. இந்த முறை பூவே விரிந்திருந்தது. சின்னது, வெள்ளை, நுனியில் மஞ்சள். ஒரு சருகு குறுக்கே விழுந்து பாதிப் பூவை மறைத்திருந்தது.

காமினி மண்டியிட்டுக் கைபேசியை எடுத்தாள். அவள் இடது கை தானாகவே நீண்டு அந்தச் சருகைப் பிடித்திருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். துளசி மேலும் கிஷன் மேலும் வந்த கோபமெல்லாம் ஒன்றுமே இல்லை. தன் கைமேல் வந்தது அதைவிடப் பெரியது. படம் எடுக்காமலேயே இறங்கி வந்தாள்.

அந்த வாரமே கமாலுதீன் கடைவாய்ப் பல்வலியோடு அவள் வேலை செய்யும் இடத்துக்கு வந்தார். வேறு மருத்துவமனையா இல்லை பினாங்கில்? அவளைப் பார்க்கத்தான் வந்தார் என்பது வாயில் கை வைத்துக்கொண்டு நின்ற தோரணையிலேயே தெரிந்தது. நாற்காலியில் சாய்ந்ததும் கழுத்தில் துணி கட்டவந்த அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"நாட்காட்டியிலேர்ந்து உன் பேர எடுத்துட்டேன். அந்த அட்டைப் படத்தையும் எடுத்துட்டேன்" என்றார். "இப்ப யாரும் எதையும் தொடறது இல்ல. நஜ்வாவும் உன்னக் கேட்டுக்கிட்டே இருக்கு. ஒரு பூ பாத்தாப் போதுமாம், பேர் சொல்லிடுமாம். மேசையில நீதான் சொல்லணும்னு எல்லாரும் பேசி வச்சிருக்கோம். வேற எங்கயாவது அது கண்ணுல பட்டுச்சா, தங்கச்சி?"

அவர் கண்களில் பொய்யில்லை. அவர் திருந்திவிட்டார் என்று அவள் நம்பினாள். மற்றவர்களும் திருந்தியிருக்கலாம். அந்த மேசையும், எல்லோரும் வாயை மூடிக்கொண்டு தன்னைப் பார்க்கிற அந்த நிமிடமும் அவள் மனதில் வந்து நின்றன. சருகைப் பிடித்த தன் விரல்களும் வந்தன.

"இல்லண்ணே. வேற எங்கயும் இல்ல" என்றாள் காமினி.

முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லிச் சொல்லியே ஊரைப் பகைத்துக்கொண்டவள் அவள். இந்த ஒரு பொய்யைத் தன் வாயிலிருந்து வரவழைத்ததற்காக அவரை அவள் மன்னிக்கவே இல்லை.