நெருப்பில்லாத நாலு நாள்

பைக்கில் ஊர் சுற்றக் கிளம்பிய முதல் வருஷம் நான் செய்த முட்டாள்தனம் ஒரு சாக்கில் ஆரம்பித்தது. பை வாங்கிக் காசை வீணாக்குவானேன் என்று விருதுநகரில் ஒரு மொத்தக்கடையில் பழைய மிளகாய் வற்றல் சாக்கு இரண்டை வாங்கினேன். நாலு தரம் உதறி, வெயிலில் காயப்போட்டு, போர்வை துணிமணியெல்லாம் அதில் திணித்துக் கட்டினேன். அன்று சாயங்காலம் போர்வையை விரித்ததும் தொடங்கிய தும்மல் மறுநாள் தேனி தாண்டியும் நிற்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த அண்ணன் தும்மலுக்கு நடுவே சொன்னார்: "ஏலே, ஒன் சிக்கனம் நம்ம மூக்கைப் பேத்துருச்சுலே."

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. சிவகாசிக்கு வெளியே ஒரே வரிசையில் எங்கள் வீடுகள், எனக்கு ஏழு வயது மூத்தவர். நான் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற பிரஸ்ஸில் மிஷின் ஓட்டுகிறேன். அவர் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிற அறையில் வேலை பார்த்தார். தீபாவளி முடிந்து கம்பெனியை அடைத்துவிட்டால் இரண்டு பேருக்கும் வேலை கிடையாது. அந்த நாட்களில்தான் என் பழைய நூறு சிசி வண்டியில் எங்காவது கிளம்புவோம், நாலு நாள், மிஞ்சினால் ஐந்து நாள்.

சின்ன வண்டி, இரண்டு ஆள் என்றால் சாமானுக்கு இடம் கேரியர் மட்டும்தான். கூடாரம் எங்களுக்கு ஒரு பிளெக்ஸ். யார் வீட்டுக் காதணி விழாவுக்கோ தேதியைத் தப்பாக அடித்து, கடைக்காரர் ஓரமாகச் சுருட்டிப் போட்டிருந்தது. அதை இரண்டு மரத்துக்கு நடுவே கட்டினால் மேலே ஒரு குழந்தை பொக்கை வாயோடு எங்களைப் பார்த்துச் சிரிக்கும். கீழே விரிக்க, ஆலங்குளம் சிமெண்டு ஆலையில் இருக்கும் சொந்தக்காரர் கொடுத்த சிமெண்டு சாக்குகளைப் பிரித்துத் தைத்த விரிப்பு. கட்டுவதற்குச் சைக்கிள் டியூபைக் கீறிய பட்டைகள். கயிறு அவிழும், டியூப் அவிழாது. சாப்பாட்டுக்கு அவல், பொட்டுக்கடலை மாவு, கருப்பட்டி, அண்ணி பிடித்துத் தரும் எள்ளுருண்டை, சாத்தூர் சேவு. மத்தியானம் ஒரு வேளை மட்டும் ரோட்டோரக் கடையில் சோறு.

அடுப்பு கிடையாது. தீப்பெட்டி கூடக் கிடையாது. உலகத்துக்கே தீப்பெட்டி அனுப்புகிற ஊரிலிருந்து ஒரு குச்சி இல்லாமல் போகிறோமே என்று நான் வருஷா வருஷம் சண்டை போடுவேன். "வருசம் பூரா அது பக்கத்துலதானே கெடக்கேன். இந்த நாலு நாளு வேண்டாம்லே" என்பார். எடை மிச்சம் என்று நானும் விட்டுவிடுவேன்.

மருந்து அறையில் எதையும் தரையோடு இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். செருப்புப் போடக் கூடாது. உள்ளே போகும்போது வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும், உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்குவதற்காக. அண்ணன் பிளெக்ஸுக்குள் நுழையும்போதும் இரண்டு உள்ளங்கையையும் மண்ணில் அழுத்திவிட்டுத்தான் நுழைவார். "என்னண்ணே, பூமாதேவியைக் கும்பிடுறீகளா?" என்று கேலி செய்வேன். "பளக்கம்லே" என்று சிரிப்பார்.

காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. இரண்டாம் வருஷம் ஊர் திரும்பும் வழியில் வெம்பக்கோட்டை அணைக்கரையில் எள்ளுருண்டையைத் தின்றுகொண்டே சொன்னார். முன்பு வேலை பார்த்த கம்பெனியில் பக்கத்து அறை வெடித்துவிட்டது. கொஞ்ச நேரம் முன்னால் அவரோடு டீ குடித்த இரண்டு பேர் அதில் போய்விட்டார்கள். அதற்குப் பிறகும் அவர் அதே வேலைக்குத்தான் போனார். மகள் நர்சிங் படிக்கிறாள், மருந்து அறையில்தான் கூலி கூட. "எனக்குப் பயம்னு வீட்டுல யாருக்கும் தெரியாது. கை நடுங்குதுன்னு போர்மேனுக்குத் தெரிஞ்சா அறைக்குள்ள விடமாட்டான்லே. ஒன் மனசோட வச்சுக்கோ." நான் தலையாட்டினேன்.

போன வருஷத்துக்கு முந்திய வருஷம் செங்கோட்டைப் பக்கம் போனோம். மூன்று நாளும் அடைமழை. மூன்றாம் நாள் மத்தியானம் வயல்களுக்கு நடுவே ஒரு பயணிகள் நிழற்குடையில் ஒதுங்கினோம். பல் கிட்டித்துக்கொண்டிருந்தது. அண்ணன் சிமெண்டுப் பெஞ்சில் துண்டைப் போர்த்திக் கண்ணயர்ந்துவிட்டார். நான் அந்தத் தடவை ஒரு திருட்டுத்தனம் செய்திருந்தேன். குளிர்பான டப்பாவை வெட்டி ஒரு சின்ன அடுப்பு, பிரஸ்ஸில் உருளை துடைக்கிற ஸ்பிரிட் ஒரு குட்டிப் பாட்டில், ஒரு லைட்டர், ஒரு தம்ளர், கொஞ்சம் டீத்தூள். எல்லாம் சேர்த்தே கால் கிலோ வராது. அவர் எழுவதற்குள் சூடாக ஒரு டீயைக் கையில் கொடுத்தால் வேண்டாம் என்றா சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

ஸ்பிரிட்டைக் கொஞ்சம் கூடவே ஊற்றிவிட்டேன் போலிருக்கிறது. பற்றவைத்ததும் 'பொக்' என்று எழும்பியது. ஒரு முழ உயரம்கூட இருக்காது.

அண்ணன் எழுந்த வேகத்தில் துண்டு ஒரு பக்கம், சாமான் ஒரு பக்கம். வெறுங்காலோடு மழையில் ரோட்டைத் தாண்டி வயலுக்குள் ஓடினார். "வெளிய ஓடுங்க! எல்லாரும் வெளிய ஓடுங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினார். அங்கே எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. நாற்று நட்ட சேற்றில் போய்க் குந்தி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

நான் சிரித்தேன். அடக்க முடியாமல் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அடுப்பை ஊதி அணைத்தேன். சேறும் தண்ணியுமாக அவர் திரும்பி வந்தபோதும் சிரிப்பு நிற்கவில்லை. பிளெக்ஸை மடித்து, ஒவ்வொரு சாமானாகத் தூக்கி வைத்துக் கட்டினார். ஊர் வரும்வரை பேச்சில்லை. கோபம், நாலு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மறுநாள் டீக்கடையில் கூட்டம். யாரோ, "என்னப்பா, டூர் எப்படி?" என்று கேட்க, என் நாக்கு சும்மா இருக்கவில்லை. எழுந்து நின்று நடித்தே காட்டினேன். அண்ணன் ஓடினது, கத்தினது, காதைப் பொத்தினது எல்லாவற்றையும். "வேட்டி மளைல நனைஞ்சுச்சா, வேறெதுலயும் நனைஞ்சுச்சான்னு எனக்கே சந்தேகம்" என்றேன். கடையே அதிர்ந்தது. கூட்டத்தில் அவர் கம்பெனிப் போர்மேனும் கிளாஸோடு நின்றிருந்ததை நான் பார்க்கவில்லை.

பூஜை போட்டுக் கம்பெனி திறந்த அன்றே அண்ணனைப் பெட்டி ஒட்டுகிற பக்கம் மாற்றிவிட்டார்கள். கூலி குறைந்தது. பெட்டி ஒட்டுகிறவர்கள் அவரைப் பார்த்து "வெளிய ஓடுங்க" என்று கூவிச் சிரிப்பதாகக் கேள்விப்பட்டேன்.

மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணிதான் முதலில் எதிரே வந்தார். "வாங்க தம்பி. நீங்க நல்லா இருக்கணும். இப்பத்தான் அவுக நடுச்சாமத்துல முளிக்காமத் தூங்குறாக. நான் சொன்னா மருந்து ரூமை விட்டுருப்பாகளா? எம்புட்டு நாளா வேண்டுனேன் தெரியுமா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அண்ணன் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "அண்ணே, தப்புத்தான். போர்மேன் அங்கன நின்னது சத்தியமாத் தெரியாதுண்ணே" என்றேன்.

"போர்மேன் கெடக்கான்லே. கை நடுங்குறவன் மருந்தத் தொடக்கூடாது, அவன் செஞ்சது சரிதான்." தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். "அந்த வெடிக்கு அப்புறம் பதினெட்டு வருசமா பொண்டாட்டி முன்னாலயும் தைரியசாலி மாதிரியே நடமாடிட்டேன். வருசத்துல நாலு நாளாச்சும் பயந்தவனாவே இருப்போம்னுதான் ஒன் வண்டியில ஏறுனேன். அது ஒனக்குத் தெரியும்லலே?"

தெரியும். வேறு யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும்தான் தெரியும்.