கலண்டரில் போட்ட புள்ளடிகள்

இன்று மருமகளை, டீசல் தடையால் மண்ணெண்ணெயில் ஓடும் பஸ்ஸில் கோப்பாய்க்கு, டொக்டரிடம் கூட்டிப்போனேன்.

மாதத்தில் ஒரு கிழமை, ஏழெட்டு நாள், காரணமில்லாமல் அழுகிறாள், எரிந்து விழுகிறாள். தனக்குப் பைத்தியம் பிடிக்கிறதென்று பயந்திருந்தாள்.

வீட்டுக் கலண்டரையும் கழற்றிக் கொண்டுபோனேன். அவள் கோயிலுக்குப் போகாத மாதவிலக்கு நாட்களுக்கு வட்டம், என்னோடு சண்டை பிடித்த நாட்களுக்குப் பெருக்கல் குறிபோல் புள்ளடி போட்டு வைப்பது என் வழக்கம்.

டொக்டர் பார்த்தார். "புள்ளடியெல்லாம் வட்டத்துக்கு முந்தின கிழமைதான். அப்ப ஹோர்மோன் ஏறி இறங்கிறதாலை வாறது. உமக்கு விசரில்லைப் பிள்ளை."

எனக்குப் போன மூச்சு வந்தது. மருமகள் பல மாதங்களுக்குப் பின் சிரித்தாள்.

"அப்ப மாமி எரிஞ்சு விழுறது, டொக்டர்?"

"மாமிக்கு அதெல்லாம் நிண்டு கனகாலம். அது ஹோர்மோன் இல்லை, குணம்."

நல்ல டொக்டர்தான். ஆனாலும் இந்த ஒரு விடயத்தில் வேறு டொக்டரையும் கேட்கலாம் என்றிருக்கிறேன். யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள்.