லிஸ்பன் திட்டத்தில் ஒரு காலிக் கட்டம்

லிஸ்பனைச் சுற்றிப் பார்க்கப் பத்து நாள் போதும் என்றார்கள். போகலாமா வேண்டாமா என்று தீர்மானிக்க எங்கள் வீட்டில் மூன்று மாதம் பிடித்தது. அந்த மூன்று மாதத்தில் அப்பாவின் மேல் எனக்கு வந்த எரிச்சலை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

அப்போது எனக்குப் பதினொரு வயது. அம்மாவின் தங்கையான என் சித்தி வேலை கிடைத்துப் போய், போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பனில் குடியேறியிருந்தாள். மே மாத லீவுக்கு மூன்று பேரும் வந்தே ஆகவேண்டும் என்று ஞாயிறு தவறாமல் வீடியோ காலில் வந்து நச்சரிப்பாள். அம்மா தங்கையை நேரில் பார்த்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அந்த ஊர் முழுக்க மேடும் பள்ளமும் என்று சித்தி சொன்னதைக் கேட்டு, அம்மா சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் ஒரு ஜோடி ஷூ வாங்கிவந்தாள். புடவைக்குக் கீழே அதைப் போட்டுக்கொண்டு தினமும் மொட்டைமாடியில் நடந்து பழகினாள்.

அப்பா ஒரு தொழிற்சாலையில் திட்டமிடும் பிரிவில் வேலை பார்த்தார். ஒரு காரியத்தைச் சும்மா செய்துவிட்டுப் போவது அவருக்கு வராது. ஹால் சுவரில் நாலு சார்ட் பேப்பரைச் சேர்த்து ஒட்டி, கட்டம் கட்டமாக லிஸ்பனை வரைந்தார். முதல் நாள் குன்றின் மேலுள்ள கோட்டை, இரண்டாம் நாள் ஆற்றோரத்துக் கோபுரம், மூன்றாம் நாள் சுவரெல்லாம் நீல ஓடு பதித்த பழைய தெருக்கள். மஞ்சள் டிராம் எங்கே நிற்கும், அடுத்தது எத்தனை நிமிஷத்தில் வரும் என்பதெல்லாம் அதில் உண்டு. ராகுகாலத்தை எங்கள் ஊரான ஸ்ரீரங்கத்துச் சூரியோதயப்படி பார்ப்பதா, லிஸ்பன் சூரியோதயப்படி பார்ப்பதா என்று ஒரு வாரம் குழம்பினார். கடைசியில் வம்பே வேண்டாமென்று இரண்டையும் குறித்துவிட்டார். இதனால் சில நாட்கள் நாங்கள் அறையை விட்டுக் கிளம்பவே முடியாது போலிருந்தது. அந்த ஊரில் பேர்போன இனிப்பில் முட்டை இருக்கிறது என்று தெரிந்ததும் அதைச் சிவப்பு மையால் அடித்தார். அதுவரை அதைத் தின்னவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அன்றிலிருந்து வேறெதுவும் தோன்றவில்லை.

இத்தனை கட்டங்களுக்கும் முன்னால் ஒரு கட்டம் மட்டும் காலியாகவே கிடந்தது. அதில் 'பெருமாள்' என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார்.

எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக வந்த சாளக்கிராமப் பெருமாள் இருக்கிறார். அவருக்குத் தினமும் நீராட்டி, பாசுரம் சொல்லி, குளித்து மடியாகச் சமைத்த தளிகையைப் படைத்து அமுது செய்யப்பண்ண வேண்டும். ஒரு நாள்கூட விடக்கூடாது. அதனால் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்தாற்போல் எந்த ஊருக்கும் போய் ராத்தங்கியது கிடையாது. லிஸ்பன் மட்டும் எப்படி விதிவிலக்காகும்?

பெருமாளைக் கையோடு எழுந்தருளப்பண்ணிக்கொண்டு போய்விடலாம் என்று முதலில் யோசித்தார் அப்பா. விமான நிலையத்துச் சோதனையில் யாராவது பெட்டியைத் திறந்து தொட்டுவிட்டால் என்ன செய்வது என்று அவரே கேட்டு அவரே கைவிட்டார். எதிர்வீட்டு மாமாவைக் கேட்டார். மாமா மே மாதம் தன் பெண் வீட்டில் இருக்கப் பெங்களூர் போகிறாராம். அம்மா மட்டும் இங்கே இருந்து தளிகை பண்ண, ஆராதனத்துக்கு யாரையாவது ஏற்பாடு செய்யலாம் என்றார் அப்பா ஒருநாள். அன்றைக்கு அம்மா வைத்த ரசத்தில் உப்பில்லை. அந்த யோசனையும் போயிற்று.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஏனென்றால் உறையூரில் பெரியப்பா இருந்தார். அப்பாவின் சொந்த அண்ணன். ஆராதனம் முழுக்க அவருக்கு மனப்பாடம், அப்பாவைவிட நன்றாகவே பண்ணுவார் என்று அம்மாவே சொல்லியிருக்கிறாள். பெரியப்பா ரயில்வேயில் கூட வேலை பார்த்த வேறு ஜாதிப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டபோது, மூத்தவருக்குப் போகவேண்டிய பெருமாளைத் தாத்தா இளையவரான அப்பாவிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினார். அதற்குப் பிறகு கல்யாணம் காட்சிகளில் பார்த்தால் அண்ணனும் தம்பியும் வெயிலைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள், அவ்வளவுதான். அப்பாவுக்கு மன்னியான பெரியம்மா எங்கள் வீட்டு வாசற்படி ஏறியதே கிடையாது. லிஸ்பனில் எந்தச் சந்தில் திரும்பினால் எந்தத் தெரு வரும் என்று சொல்லக்கூடிய அப்பா, காவிரிப் பாலத்தைத் தாண்டி உறையூருக்குப் போய் நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை விசாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. வியாழக்கிழமை சாயங்காலம் அப்பா போனில் பெரியப்பா நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு எட்டி அழுத்தி, ஸ்பீக்கரிலும் போட்டுவிட்டேன்.

பெரியப்பா எடுத்தார். அப்பா காவிரியில் தண்ணீர் வராததைப் பற்றிப் பேசினார். பிறகு டிராமைப் பற்றிப் பேசினார். நான் அவர் முழங்கையைக் கிள்ளினேன். ஒருவழியாக விஷயத்தைச் சொன்னார்.

பெரியப்பா யோசிக்கவே இல்லை. தினமும் முதல் பஸ்ஸில் வந்துவிடுவதாகச் சொன்னார். "தளிகைதான் முடியாது. அவலும் பாலும் அமுது செய்யப்பண்ணிடறேன். பெருமாள் கோவிச்சுக்க மாட்டார்" என்றார். எனக்கு அது போதும். லிஸ்பன் கைக்கு வந்துவிட்டது. போனை வைக்க வேண்டியதுதான். ஆனால் அப்பா வைக்கவில்லை. சுவரில் இருந்த சார்ட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"நீ மட்டும் வந்தாப் போறாது அண்ணா. மன்னியையும் அழைச்சுண்டு வா. ரெண்டு பேரும் இங்கேயே தங்கிக்கோங்கோ. தளிகை மன்னி பண்ணட்டும்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நான் ஹலோ ஹலோ என்று கத்திப் பார்த்தேன். காரியம் முடிகிற நேரத்தில்தான் சிக்னல் போகவேண்டுமா என்று அலுத்துக்கொண்டு, போனைப் பிடுங்கித் துண்டித்து மறுபடி போட்டேன். இந்தத் தடவை பெரியம்மா எடுத்தார். "அவரால இப்பப் பேச முடியலம்மா. கொஞ்ச நேரம் கழிச்சுக் கூப்பிடுறோம்னு அப்பாகிட்ட சொல்லு" என்றார். அவர் குரலும் கரகரவென்றுதான் இருந்தது.

பெரியப்பாவுக்குத் தொண்டை கட்டிவிட்டதாம் என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா எழுந்து பெருமாள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தொண்டை கட்டினவர் பத்து நாள் எப்படிப் பாசுரம் சொல்வார்? மூன்று மாதப் பாடும் வீண் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. சமையலறை வாசலைப் பார்த்தால், அங்கே அம்மாவும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாவம், அவளும் லிஸ்பன் போச்சே என்றுதான் அழுகிறாள் என்று நினைத்து, ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டு ஆறுதல் சொன்னேன்.