சாகாத புதர்

களத்தில் நிராசாவாவைக் கண்ணால் பார்த்தவர்கள் மிகச் சிலர். அதுவே அவருடைய பெருமையாக இருந்தது. சணல் இழைகளையும் துணிக் கிழிசல்களையும் தாமே வைத்துத் தைத்த புதர்வேடத்தை உடுத்திக்கொண்டு, சிபா குன்றுகளிலுள்ள அந்த விளையாட்டுக் காட்டில், விழுந்து கிடக்கும் தேவதாரு மரத்துக்குப் பின்னால் அவர் குப்புறப் படுத்துவிட்டால், பக்கத்தில் நடந்து போகிறவர்களே புதரென்று நினைத்து ஒதுங்கிப் போவார்கள். வேடத்தைக் கழற்றிய பின் அவரை அடையாளம் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. வழுக்கைத் தலையும் ஒருபக்கம் சாய்ந்த நடையும் கொண்ட, அறுபதை நெருங்கும் ஒரு மனிதர், அவ்வளவுதான்.

ஏர்சாஃப்ட் விளையாட்டில் குண்டு என்பது பட்டாணியைவிடச் சிறிய பிளாஸ்டிக் உருண்டை. அது பட்ட இடத்தில் சாயம் தெறித்துச் சாட்சி சொல்லாது. பட்டவர்தாம் கையைத் தூக்கி, “ஹிட்” என்று உரக்கச் சொல்லி, தம் முகாமுக்குத் திரும்ப வேண்டும். பட்டும் சொல்லாமல் இருப்பவரைவிட இழிவானவர் அந்தக் களத்தில் இல்லை. ஆயினும், அப்படிப்பட்டவரை நேரே கேட்பதற்கும் அங்கே அனுமதியில்லை. நடுவரிடம் சொல்லலாம், நடுவர் எல்லாருக்கும் பொதுவாக அறிவிப்பார். முகத்துக்கு நேரே யாரும் யாரையும் பொய்யரென்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட ஒழுங்கு அது.

இருபத்தைந்து வயதில் நிராசாவா இந்த விளையாட்டுக்கு வந்தார். வந்த நாளிலிருந்தே ஸ்னைப்பர், அதாவது மறைந்து கிடந்து ஒவ்வொரு குண்டாகக் குறிபார்த்துச் சுடுபவர். அது ஓர் ஆதாயமற்ற பதவி. சட்டம் எல்லாத் துப்பாக்கிக்கும் ஒரே வேக வரம்பைத்தான் வைத்திருக்கிறது. ஆகவே ஸ்னைப்பரின் குண்டு பிறருடைய குண்டைவிட அப்படியொன்றும் கூடுதலாகப் போய்விடுவதில்லை. பிறர் விசையை அழுத்தினால் மழையாகப் பொழியும். ஸ்னைப்பரோ ஒவ்வொரு குண்டுக்கும் பிடியைக் கையால் பின்னுக்கு இழுத்தாக வேண்டும். “நல்லா இருக்கக் கூடாதுன்னு கங்கணம் கட்டிக்கிட்டவன்தான் ஸ்னைப்பர் ஆவான்” என்று உபுகாதா சொல்வதுண்டு.

உபுகாதா அவருடைய விளையாட்டுத் தோழர் மட்டுமல்லர், பியானோவின் மறுமுனையுமாவார். இருவரும் ஒரே நிறுவனத்தில் பியானோ தூக்கினார்கள். மாடிப்படியில் இறக்கும்போது கனத்த கீழ்ப்பக்கம் நிராசாவாவுடையது. அவர் படியைப் பார்க்க முடியாமல் பின்னோக்கி இறங்குவார். மேலே நிற்கும் உபுகாதா, “இன்னும் ஒண்ணு… இடது கால்… சரி, தரை” என்று சொல்லிக்கொண்டே வருவார். அந்தக் குரலை நம்பிப் பல்லாண்டுகள் இறங்கிய பின், ஒருநாள் நிராசாவாவின் முதுகெலும்பு ஒத்துழைக்க மறுத்தது. அறுவை சிகிச்சை முடிந்து எழுந்தபோது கால்கள் அசைந்தன. ஆனால் இடுப்புக்குக் கீழே பின்பக்கம் முழுவதும், தொட்டாலும் தெரியாமல், வேறு யாருடைய உடம்பையோ கடன் வாங்கி மாட்டிக்கொண்டதுபோல் இருந்தது. “நடக்கறீங்களே, அதுவே பெரிய விஷயம்” என்றார் மருத்துவர். இதற்குமேல் தேறாது என்பதைச் சொல்ல அவருக்கு அதைவிட மரியாதையான வழி தெரியவில்லை போலும்.

நிறுவனம் அவரைத் தொலைபேசி மேசையில் உட்கார வைத்தது. மனைவி முன்பே பிரிந்து போயிருந்தார். ஓட வேண்டாத, நிற்கவும் வேண்டாத, படுத்துக்கொண்டே ஆடும் ஒரே ஓர் ஆட்டம் அவருக்கு மிஞ்சியது. மாதத்துக்கு ஒருமுறை அந்த மரத்துக்குப் பின்னால் படுக்கும்போது மட்டும், தம் உடம்பு இன்னமும் ஒரு வேலைக்கு உதவுகிறது என்ற எண்ணம் அவருக்கு இருந்தது.

இலையுதிர்காலத்தின் பெரிய ஆட்டம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நடப்பது. நூற்றுக்கணக்கானோர் திரண்டு, கையில் சிவப்புப் பட்டையும் மஞ்சள் பட்டையும் கட்டிக்கொண்டு நின்றார்கள். தலைமை நடுவர் தொகோரோ என்ற பெண்மணி ஒலிபெருக்கியில் விதிகளைச் சொல்லிக்கொண்டே வந்தவர், முடிவில் சற்று நிறுத்தினார்.

“இன்னொரு விஷயம். பட்டுதோ இல்லையோன்னு சந்தேகமா இருந்தாலும் பெரிய மனசு பண்ணி ஹிட் சொல்லிடுங்க. தடிமனான உடுப்பு போட்டிருக்கறவங்க கொஞ்சம் கூடுதலா கவனமா இருங்க. எல்லாருக்கும் பொதுவாத்தான் சொல்றேன்.”

நிராசாவா தலையாட்டினார். “இப்பல்லாம் சில பேருக்கு மனசாட்சியே இல்லாமப் போச்சுப்பா. மாசாமாசம் இதச் சொல்ல வேண்டியிருக்கு பாரு” என்றார்.

உபுகாதா குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த காலணிக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

காலை ஆட்டத்தில் நிராசாவா மஞ்சள் அணிக்காரர் ஒருவரைத் தோளில் சுட்டார். அவர் குண்டு எங்கிருந்து வந்ததென்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கைதூக்கிப் போனார். அதற்குப்பின் நீண்ட நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பின்னாலிருந்து உபுகாதா ஊர்ந்து வந்தார்.

“நிரா, முட்டி வலிக்குதுடா. முகாம் வரைக்கும் கூட வாயேன்.”

“இப்பத்தான் நல்ல இடமா அமைஞ்சிருக்கு.”

“வலது முட்டி. மடக்கவே முடியல.”

நிராசாவா முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார். அண்மைக்காலமாக உபுகாதாவின் முட்டி இப்படித்தான். எப்போது வலிக்குமென்று சொல்ல முடியாது.

மதியம் கறிச்சோற்றுக்கு நீண்ட வரிசை. நிராசாவா வேடத்தைக் கழற்றிவிட்டுத் தட்டோடு நின்றார். முன்னால் மஞ்சள் பட்டை கட்டிய ஒரு பெண்ணும் அவளுடைய தோழனும் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் கழுத்துப்பட்டையில் ஷிராகி என்று பெயர் எழுதியிருந்தது.

“விழுந்த மரத்துக்குப் பின்னாடி ஒரு புதர் கெடக்கு பாரு, நம்ம ஆளுங்க அதுக்குப் பேரே வச்சிட்டாங்க. சாகாத புதர்” என்றாள் அவள்.

“நீ சுட்டியா?”

“சுட்டேனாவா? பின்பக்கத்துல பொத்து பொத்துன்னு விழுது, எனக்கே சத்தம் கேக்குது. அது பாட்டுக்குக் கெடக்கு. தூங்குதோன்னு நெனச்சேன்.”

“நெஜமாவே செத்துப் போயிட்டாரோ என்னமோ. ஆம்புலன்ஸக் கூப்பிட்டிருக்கலாம்ல.”

“நீ வேற. போன மாசமும் இதே கததான். தொகோரோ சான்கிட்ட போய்ச் சொன்னோம். அவங்க என்ன பண்ணுவாங்க, பொதுவா மைக்ல சொன்னாங்க. அந்தாளு காதுல விழுந்தாத்தானே.”

“எந்தப் பக்கம்?” என்று கேட்டார் நிராசாவா.

ஷிராகி திரும்பிப் பார்த்து, பெரியவர் ஒருவர் கேட்கிறார் என்று கண்டு, சற்றுப் பணிவோடு சொன்னாள். “வலது சரிவுல, ஐயா. நீங்க சிவப்பா? அப்ப உங்க ஆளுதான். பாத்தீங்கன்னா சொல்லுங்க, செத்தா ஒண்ணும் வலிக்காதுன்னு.”

தோழன் சிரித்தான். நிராசாவாவும் சிரித்தார். அவர் சிரிக்காமல் இருந்திருந்தால் அவர்களுக்குத் தெரிந்துபோயிருக்கும்.

கறிச்சோறு ஆறிக்கொண்டிருந்தது. வசந்தத்தில் ஒரு பொது அறிவிப்பு, மழைக்காலத்தில் ஒன்று, கோடையில் ஒன்று, இன்று காலையில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தாம் தலையாட்டியதை அவர் நினைத்துப் பார்த்தார். வீட்டுக்குப் போய் வேடத்தை உதறும்போதெல்லாம் குளியலறைத் தரையில் பிளாஸ்டிக் குண்டுகள் சிதறும். தரையில் படுத்துக் கிடந்ததில் ஒட்டிக்கொண்டவை என்று நினைத்து வாரிக் கொட்டியிருக்கிறார். அவை தரையிலிருந்து வந்தவைதாமா என்று ஒருமுறைகூட அவருக்குத் தோன்றியதில்லை.

வண்டிகள் நிறுத்துமிடத்தில் உபுகாதா தம் வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்துச் சோற்றுருண்டை தின்றுகொண்டிருந்தார்.

“முட்டி எப்படி இருக்கு?” என்றார் நிராசாவா.

“அப்படியேதான் இருக்கு” என்று உபுகாதா இடது முட்டியைத் தேய்த்துக் காட்டினார்.

“காலைல வலதுன்னு சொன்ன.”

உபுகாதாவின் கை முட்டியிலேயே நின்றுவிட்டது. மீதிச் சோற்றுருண்டையை உறையில் சுற்றி வைத்தார்.

“உனக்குத் தெரியும்” என்றார் நிராசாவா.

“ம்.”

“எப்பலேருந்து?”

“ஆசுபத்திரியிலேருந்து வந்து மொத ஆட்டம். உன் தொடையில மூணு நாலு விழுந்தத நானே பாத்தேன். நீ அசையல. மொதல்ல எனக்கும் கோவம்தான் வந்துது. அப்புறந்தான் புரிஞ்சுது.”

“அதான் முட்டியா?”

“வேற என்ன சொல்லி உன்ன எழுப்பறது? பட்டா முகாமுக்குப் போகணும். நீ போகல. நான் கூட்டிட்டுப் போனேன். கணக்கு சரியாப் போச்சு.”

“நீ பாக்காம இருந்தப்ப?”

உபுகாதா சுற்றி வைத்த உறையைப் பிரித்து மறுபடி சுற்றினார்.

“சொல்லியிருக்கலாம்லடா.”

“என்னத்தச் சொல்ல? பியானோ போச்சு. வீட்டுல பேச ஆளில்ல. இதையும் நான் வாயத் தொறந்து பிடுங்கணுமா?”

பக்கத்து வண்டியில் யாரோ துப்பாக்கியில் குண்டு நிரப்பிக்கொண்டிருந்தார்கள்; அரிசி கொட்டுவதுபோல் ஓசை கேட்டது. நிராசாவா அன்று பிற்பகல் களத்துக்குப் போகவில்லை.

மறுநாள் காலையில் உபுகாதா ஒரு யோசனையோடு வந்தார். தாம் பக்கத்திலேயே படுத்துக்கொள்வதாகவும், பட்டால் தோளைத் தட்டுவதாகவும் சொன்னார். “மாடிப்படில சொன்ன மாதிரிதான். என்ன பெரிய வித்தியாசம்?” நிராசாவா ஒப்புக்கொண்டார். ஆனால் உபுகாதாவின் தொந்தி மரத்துக்குப் பின்னால் அடங்கவில்லை. போதாக்குறைக்கு இருமல் வேறு. ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே இருவர்மேலும் குண்டுகள் பொழிந்தன. உபுகாதா தோளைத் தட்டி, “உனக்குப் பட்டுடுச்சு” என்றார். நிராசாவா கைதூக்கினார். முகாமுக்கு நடக்கும்போது, “நாளைக்கு உன் கண்ணுல ஒண்ணு தப்பினா, அதையும் நான் ஒளிச்ச மாதிரிதான் ஆகும். பட்டது எனக்கே தெரியணும்டா. அது ஒண்ணுதான இந்த ஆட்டம்” என்றார்.



கடைசி ஆட்டத்துக்கு நிராசாவா தனியாகப் போனார். வழக்கமான மரத்தை விட்டுவிட்டு, சரிவின் மேல் ஓர் ஓக் மரத்தடியைத் தேர்ந்தெடுத்தார். அங்கே தம்மைத் தேடி யாரும் வரமாட்டார்கள் என்று கணக்கிட்டார். தோல் உதவாவிட்டால் காது உதவும் என்பது அவருடைய திட்டம். சிறு ஓசை கேட்டாலும் எழுந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார்.

நேரம் போயிற்று. சரிவின் அடியில் புதர்கள் அசைந்தன. ஷிராகி மஞ்சள் அணியின் கொடியை முதுகில் செருகிக்கொண்டு, குனிந்து, தனியாக வந்துகொண்டிருந்தாள். அந்தக் கொடி சிவப்பு முகாமைத் தொட்டால் இரண்டு நாள் ஆட்டமும் முடிந்துவிடும். அவளை நிறுத்துவதற்கு அந்தச் சரிவில் அவரைத் தவிர ஆளில்லை. நிராசாவா பிடியைப் பின்னுக்கு இழுத்தார். காற்று நின்றிருந்தது. தொலைநோக்கியின் குறுக்குக்கோட்டில் அவளுடைய தோள் வந்து பொருந்தியது. இப்படியொரு வாய்ப்பு ஸ்னைப்பருக்கு வாழ்நாளில் எத்தனை முறை அமையுமோ, அவருக்கு இதற்குமுன் அமைந்ததில்லை.

பொத்தென்று பின்னால் ஓர் ஓசை கேட்டது.

இடுப்பருகே இருக்கலாம், தொடைமேலும் இருக்கலாம். ஓக் மரம் இரண்டு நாளாகக் கொட்டைகளை உதிர்த்துக்கொண்டிருந்தது. அவை இலைச்சருகில் விழுந்தாலும் இதே ஓசைதான். வேடத்தில் விழுந்தாலும் இதேதான். குண்டு பட்டாலும் இதேதான். கவனத்தையெல்லாம் அங்கே செலுத்தி, தம் உடம்பின் பின்பாதியிடம் அவர் கேட்டுப் பார்த்தார். அங்கிருந்து ஒரு தகவலும் வரவில்லை. விரல் விசையில் இருந்தது. ஷிராகி இன்னும் இரண்டு அடி வைத்தாள்.

“ஹிட்” என்று சொல்லி அவர் எழுந்தார்.

ஷிராகி திடுக்கிட்டுத் துப்பாக்கியை உயர்த்தி, பின் தாழ்த்தினாள். “யாரு சுட்டது? எங்க ஆளு யாரும் இந்தப் பக்கமே இல்லையே. நான் மட்டுந்தான் வந்தேன்.”

“அப்படியா?”

“மேலேருந்து ஏதாச்சும் விழுந்திருக்கும், ஐயா. இது செல்லாது, நீங்க…” என்று தொடங்கியவள், சணல் தொங்கலுக்குக் கீழே இருந்த முகத்தைப் பார்த்தாள். முந்தின நாள் தட்டோடு பின்னால் நின்ற முகம். பிறகு துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பு வரை குனிந்தாள். “தெரியாமப் பேசிட்டேன். ரொம்ப மன்னிச்சுக்குங்க.”

“சொன்ன பிறகு சொன்னதுதான். நீங்க போங்க, கொடி நேரமாகுது” என்றார் நிராசாவா.

அவர் கையைத் தூக்கியபடி சரிவில் இறங்கினார். முகாமை அடைவதற்குள் மஞ்சள் அணியின் வெற்றிக் கொம்பு ஊதியது.

நிறைவுக் கூட்டத்துக்கு முன் அவர் தொகோரோவிடம் போனார். நடுவர் கூடாரத்தில் அந்தப் பெண்மணி கயிறு சுற்றிக்கொண்டிருந்தார்.

“தொகோரோ சான், பொதுவா ஒரு அறிவிப்பு சொல்வீங்கல்ல. தடிமனான உடுப்பப் பத்தி.”

தொகோரோவின் கை நின்றது. “சொல்லுவேன்.”

“இனிமே வேண்டியிருக்காது. இந்த வேடத்த இனிப் போட மாட்டேன்.”

தொகோரோ கயிற்றைக் கீழே வைத்தார். “நான் நேர்ல வந்து சொல்லியிருக்கணும், நிராசாவா சான்” என்றார்.

“நீங்க முறைப்படிதான் செஞ்சீங்க. நான்தான் வேற யாரையோ சொல்றீங்கன்னு இருந்துட்டேன்.”

நிறைவுக் கூட்டத்தில் தொகோரோ காயம்பட்டவர் யாருமில்லை என்றார். குப்பையைத் திரும்ப எடுத்துச் செல்லச் சொன்னார். பின் ஒருகணம் நிறுத்தி, நேராக நன்றி கூறலுக்குப் போய்விட்டார். விட்டுப்போனதைக் கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள்.

வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. நிராசாவா புதர்வேடத்தை வண்டியருகே உதறினார். ஓக் கொட்டைகளும் சருகுகளும் பிளாஸ்டிக் குண்டுகளும் கலந்து விழுந்தன. எது எங்கிருந்து வந்ததென்று அவற்றைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. மறுபடி உதறினார். இன்னும் விழுந்தன. வெளிச்சம் மங்கிய பிறகும் அவர் வேடத்தின் மடிப்புகளைப் பிரித்துப் பிரித்து உதறிக்கொண்டேயிருந்தார்.

உபுகாதா வெகுநேரம் காத்திருந்துவிட்டு அருகில் வந்தார்.

“நிரா, போலாமா? முட்டி வலிக்குது.”

நிராசாவா அவரைப் பார்த்தார். எந்த முட்டி என்று கேட்கவில்லை.

“சரி, போலாம்” என்று சொல்லி வேடத்தைச் சுருட்டினார்.