பட்டமரம் என்றார்கள்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மார்கழி, ஆற்றங்கரையில் இருந்த எங்கள் ஊரில் வழக்கமில்லாத பனி கொட்டியது. தை பிறக்கும்போது எங்கள் வாசலில் நின்ற பெரிய வேம்பு உச்சி முதல் கருகியிருந்தது. முற்றமெல்லாம் சருகு. கூட்டிக் கூட்டிக் கை ஓய்ந்தது.

மாசியில் என்னைப் பெண் பார்க்க ராதாபுரம் பக்கமிருந்து வருவதாக இருந்தார்கள். எனக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. "பட்டமரம் வாசல்ல நிக்கலாமா? வாரவுக என்ன நெனைப்பாக? மூட்டோட வெட்டிருங்க" என்று அம்மா அப்பாவை அரித்தெடுத்தாள். அடியோடு சாய்க்க மரம் வெட்டுகிறவர் கோடாலியோடு வந்தும்விட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரிவாள் நுனியால் பட்டையைக் கீறினேன். உள்ளே பச்சை தெரிந்தது.

"இதுக்கு உசிரு இருக்கு. மூட்டுல கோடாலி பட்டா, நான் எவன் முன்னாலயும் சேலை கட்டிட்டு வந்து நிக்க மாட்டேன்."

அப்பா என்னையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "கருகுன கொப்ப மட்டும் கழிச்சு விடுங்க அண்ணாச்சி" என்றார் வெட்டுகிறவரிடம். பச்சை தெரியும் இடம்வரை கிளைகளைக் கழித்தார். வெட்டுப்பட்ட இடங்களில் நானே ஏணியில் ஏறிச் சாணியும் செம்மண்ணும் அப்பினேன். "ஏட்டி, கல்யாணம் ஆகவேண்டிய பிள்ளை செய்யுத வேலையா இது?" என்று கீழே நின்று அம்மா கத்தினாள்.

அவர்கள் வரும் நாள் காலையில் எழுந்து பார்த்தால், அம்மா அந்த மொட்டை மரத்துக்கு மஞ்சள் சேலை சுற்றிக் குங்குமமும் வைத்திருந்தாள். அம்மன் மரம் என்றால் யாரும் குறை சொல்ல மாட்டார்களாம். சேலையை அவிழ்த்து மடித்து அவள் கையில் கொடுத்தேன். பயந்துபோய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா காபியைத் தொடாமல் வாசலையே பார்த்தார். "மரம் பட்டுப்போச்சோ?"

பெண் வாய் திறக்கக் கூடாத நேரம் அது. திறந்தேன். "படல. கொப்பு கழிச்சிருக்கு. சித்திரைக்குள்ள துளுத்துரும்."

பெண்ணுக்கு வாய் அதிகம், வாசலில் பட்டமரம் வேறு என்று மறுநாளே தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்கு வலித்தது. இல்லை என்று சொன்னால் பொய். அம்மா பல நாள் என்னோடு பேசவில்லை.

பங்குனிக் கடைசியில் வெட்டுவாய்களைச் சுற்றிச் செந்துளிர் கிளம்பியது. ஆவணியில் முற்றம் நிறைய நிழல். அந்த நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டுதான் தரகர் சொன்னார்: அதே இடத்துக்காரர்கள் திரும்பவும் கேட்கிறார்கள், பையனுக்கு வேறொன்றும் அமையவில்லையாம்.

"மரம் துளுத்துட்டுன்னு சொல்லுங்க அண்ணாச்சி. பொண்ணு கிடையாதுன்னும் சொல்லுங்க" என்றேன்.

அம்மா பாய்வாள் என்று நினைத்தேன். அவள் அண்ணாந்து மரத்தைப் பார்த்தாள்.

"அவ சொன்னதையே சொல்லிருங்க" என்றாள்.