பி வார்டில் கழற்றிய செல்கள்

காலை ஒன்பது மணிக்கு பி வார்டு சிஸ்டர் போனில் கத்தினார். "மணி பாபு, எங்க வார்டுல கடிகாரம், டார்ச், தெர்மாமீட்டர் எதுவும் வேலை செய்யல. எலக்ட்ரிக்கல் நிதாய்தா வந்து எல்லா செல்லையும் கழட்டிட்டுப் போயிட்டாரு. கேட்டா நீங்க ஆர்டர் போட்டீங்களாம்!"

இரண்டாயிரங்களின் கடைசியில், டாலிகஞ்சில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டோர்ஸ் அஸிஸ்டென்டாக இருந்தேன். நான் எந்த ஆர்டரும் போடவில்லை என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் போன வாரம் மருந்து வாங்க எழுதிய இண்டென்ட் படிவம் நினைவுக்கு வந்தது.

பதினாலாம் பெட்டில் பெஹாலாவைச் சேர்ந்த கல்யாணி டீச்சர் இருந்தார். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. டீச்சருக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். உடம்பின் காவல் செல்களே நரம்புகளின் மேலுறையை அரிக்கிற நோய். முதலில் பார்வை மங்கியது, அப்புறம் இடது கால் இழுத்தது. வழக்கமான மருந்துகள் கேட்கவில்லை. நியூராலஜி டாக்டர் வேறொரு மருந்து எழுதினார்.

"இந்தக் காவல் செல்கள்ல இவ்வளவு நாள் டி செல்தான் குற்றவாளின்னு நினைச்சோம்" என்று எனக்கு விளக்கினார். "பி செல்னு இன்னொரு வகை, அது ஆன்டிபாடி மட்டும் செய்யல, டி செல்லை ஏவியும் விடுது. ரத்தத்துல அதைக் காலி பண்ணினா புது அட்டாக் குறையுது."

இண்டென்டில் காரணம் கேட்கும் கட்டம் சிறியது. 'பி வார்டு, பெட் 14, பி செல்களை அகற்ற' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். செல் என்ற சொல்லைப் பார்த்த டெஸ்பாட்ச் கிளார்க் ஒரு நகலை எலக்ட்ரிக்கலுக்கும் அனுப்பிவிட்டார்.

எலக்ட்ரிக்கல் அறைக்கு ஓடினேன். நிதாய்தா மேஜையில் செல்களை வரிசையாக அடுக்கியிருந்தார். "முப்பத்தோரு செல். பதினாலாம் பெட் அம்மாவோட ரேடியோவையும் விடல" என்றார் பெருமையாக. "அப்புறம், உங்க பெட்டி ஒண்ணு நேத்து சாயங்காலம் வந்துச்சு. பில்லுல பி செல்னு இருந்ததால கேட்ல இருந்து இங்க குடுத்தனுப்பினாங்க."

இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்கவேண்டிய மருந்து அது. கெட்டுப்போனால் மறுபடி வர மூன்று வாரம். அதற்குள் இன்னொரு அட்டாக் வந்தால் டீச்சருக்கு அந்தக் கால் போய்விடும்.

"பெட்டி எங்க, நிதாய்தா?"

"ஃப்ரிட்ஜ்லதான். செல்லை வெளிய வச்சா சீக்கிரம் டவுனாயிடும் மொஷாய், இதுகூடவா தெரியாது?"

திறந்தேன். பென்சில் செல் அட்டைகளுக்கும் அவர் வீட்டுக்கு வாங்கிய இலிஷ் மீனுக்கும் நடுவே பெட்டி இருந்தது. ஃபார்மசிக்குத் தூக்கிக்கொண்டு போனேன்; உள்ளே இருந்த டெம்பரேச்சர் ரெக்கார்டரை ஃபார்மசிஸ்ட் பார்த்தார். ஆறு டிகிரியைத் தாண்டவே இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

டீச்சரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "எனக்கு எடுக்கறதுக்கு முன்னாடி கடிகாரத்துக்கு எடுத்துட்டாங்களா?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். அட்மிட் ஆனதிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் டிரிப் ஏறியது. இழுத்த கால் முழுதாகச் சரியாகவில்லை. ஆனால் அடுத்த இரண்டு வருடங்களில் புது அட்டாக் வரவில்லை. கைத்தடியோடு மறுபடி வகுப்பெடுக்கப் போனார்.

ஒரு படிவத்தை முதலில் படிப்பவர் விஷயம் தெரிந்தவராக இருக்கமாட்டார் என்பது அன்று புரிந்தது. அதன் பிறகு ஒவ்வொரு இண்டென்டையும் நிதாய்தாவிடம் படிக்கக் கொடுப்பேன். படித்துவிட்டு அவர் டூல் பையைத் தூக்கினால், திருத்தி எழுதுவேன்.