லொமூரியாவின் தோளில் ஏறிய எண்

துர்க்கானா இனத்து ஆண் ஒருவன் எதிரியைக் கொன்றால் வலது தோளில் கோடு கீறிக்கொள்வான். லொமூரியா ஈயைக்கூட அடிக்காத காலத்திலேயே இடது தோளில் கீறிக்கொண்டவன். ஊர்க்காவலுக்கு அரசாங்கம் கொடுத்த துப்பாக்கியின் எண் அது. சோதனைக்கு வரும் சார்ஜென்ட் முசெம்பி எண்ணைக் கேட்டால், பள்ளிக்கூட நிழலில்கூட ஒதுங்காத இவன் ஆடு மாதிரி விழிப்பான். அதனால் மனைவி அமோனி துப்பாக்கியைப் பார்த்துப் பார்த்து ஐந்து இலக்கத்தையும் பிளேடால் கீறி, சாம்பலைத் தேய்த்துவிட்டாள்.

"மாட்டுக்குச் சூடு, புருஷனுக்குக் கீறலா?" என்று பக்கத்துக் குடிசையிலிருந்து கேட்டேன்.

"மாடுன்னா களவு போகும். இந்தத் தடியனை எவன் திருடப்போறான்?"

ஒரு காலையில் ஆற்று மணலில் குழி தோண்டி மாடுகளுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தோம். மலையிலிருந்து கொள்ளைக்காரர்கள் ஆயிரம் பேர் இறங்கினார்கள். சரி, இருபது பேர். லொமூரியாவின் தம்பி எடுங் தொண்டையில் குண்டு வாங்கிக் குழிக்குள்ளேயே சரிந்தான். தண்ணீர் சிவந்தது, மாடுகள் அதையும் குடித்தன. லொமூரியா பத்துக் குண்டும் சுட்டான். பத்தும் வானத்துக்குப் போய் இன்னும் திரும்பவில்லை. பின்னாலிருந்து விழுந்தது ஒரு கட்டையடி. நான்கு பல்லும் துப்பாக்கியும் ஒன்றாகப் போயின.

முசெம்பி வந்தார். "நாலு மாசத்துல துப்பாக்கி வரலேன்னா, நீ வித்துட்டேன்னு கேஸ் எழுதி உள்ள தள்ளிருவேன்."

"ஐயா, என் தம்பி செத்திருக்கான்!"

"செத்தவனுக்கு ரிஜிஸ்டர் கிடையாது. துப்பாக்கிக்கு இருக்கு."

மூன்றாம் மாதம் அதே கூட்டம் மறுபடி வந்தது. லொமூரியாவிடம் இருந்தது மணிக்கட்டில் மாட்டிய வளையக் கத்தி மட்டும். முள்புதருக்குப் பின்னாலிருந்து சுட்டுக்கொண்டிருந்த ஒருவன்மேல் பாய்ந்தான். அவன் இவன் காதைக் கடித்துத் துப்பினான். இவன் அவன் கழுத்தை அறுத்தான். ரத்தம் வழிய வழிய, அவன் கையிலிருந்த தன் பழைய துப்பாக்கியைப் போலீஸ் சாவடிக்குத் தூக்கிப்போனான். நானும் கூட ஓடினேன்.

முசெம்பி திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்பர் எங்கடா? அரத்தால தேய்ச்சு வழுக்கைத் தலையா ஆக்கிவச்சிருக்கான். இது உன்னோடதுன்னு நான் எப்படி எழுதறது? கிளம்பு, ஜெயிலுக்கு."

லொமூரியா துப்பாக்கியை வாங்கினான். தினமும் கழற்றித் துடைத்த துப்பாக்கி. பின்கட்டையைக் கழற்றி, உள்ளே ஓடும், அரம் படாத எண் பொறித்த இரும்பை உருவித் தோளோடு ஒட்டிவைத்தான். விரல் ஒருமுறை இரும்பில், ஒருமுறை தழும்பில்.

"இது குச்சி, இதுவும் குச்சி. இதுக்குத் தொப்பை, இதுக்கும் தொப்பை..."

முசெம்பி ரிஜிஸ்டரை எடுத்தார். இரும்பைப் பார்த்தார், தோளைப் பார்த்தார், தாளைப் பார்த்தார்.

"அடப்பாவி, அதேதான்டா! தப்பிச்சே, போ. ஆனா கொள்ளைக் கேஸ் முடியற வரைக்கும் இது சாட்சி, இங்கேயே இருக்கும். உனக்கு வேற தர்றேன்."

ஒற்றைக் காதோடு புதுத் துப்பாக்கியுடன் வீடு வந்தான். அமோனி எண்ணைத் தடவிப் பார்த்துவிட்டு பிளேடை எடுத்தாள்.

"அடியே, இதுல ஏழு இலக்கம் இருக்குடி!" என்று அலறியவன், வலது தோளை நீட்டினான்.

"அது நீ அறுத்தவனுக்கு. முதுகைக் காட்டு."